டாங்கிக்கு எத்தனை தேசிக்காய்?

1

ஊரில் இருக்கும் என் சொந்தங்களுக்கு முதலில் ஒரு திருத்தம்.

என் மகள் நிதுஷா மியூசியத்தில் வேலை செய்கிறாள் என்று நான் தொலைபேசியில் சொன்னபோது நீங்கள் எல்லோரும் மனதுக்குள் ஒரு படத்தை மாட்டிக்கொண்டீர்கள். பளிங்குத் தரை, கண்ணாடிப் பெட்டிக்குள் உடைந்த மண்முட்டி, கழுத்தில் அட்டை தொங்க, மெல்லிய குரலில் விளக்கம் சொல்லும் எங்கள் பிள்ளை. அந்தப் படத்தை நானும் கழற்றவில்லை. உரும்பிராயிலிருந்து சின்னம்மா, “மூளைசாலிப் பிள்ளை, அப்பிடித்தான் வரும்” என்றபோது “ஓம் ஓம்” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

உண்மை இது. அவள் வேலை செய்யும் இடத்தில் முட்டி இல்லை. டாங்கிகள் இருக்கின்றன. இங்கிலாந்தில், ரயில் போகாத ஓர் ஊரில், மாடு மேயும் புல்வெளிக்கு நடுவே பெரிய தகரக் கொட்டகை போட்டு, நூறு வருடச் சண்டைகளில் மிஞ்சியவற்றைத் துடைத்து, எண்ணெய் பூசி, வரிசையாக நிறுத்தி, ரிக்கெற் போட்டுக் காட்டுகிறார்கள். நிதுஷா அங்கே மெக்கானிக். வயது இருபத்து மூன்று. உயிர்மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவள், இரண்டாம் வருடத்தோடு கம்பஸை விட்டுவிட்டு, முழங்கை வரைக்கும் கிறீஸ் பூசிக்கொள்ளும் தொழிலுக்குப் போனாள்.

பழி என்னுடையது. சின்னப் பிள்ளையில் அவளைத் தூங்கவைக்க எனக்கு இராசா ராணிக் கதை வராது. பெற்றோல் இல்லாத காலத்தில் எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையைத்தான் சொன்னேன். ஸ்ராட் எடுக்க மட்டும் சேலைன் போத்தலில் பதுக்கிய பெற்றோலை நாலு சொட்டு காபரேற்றருக்குள் விடுவதையும், பிறகு அது வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு கோபத்தோடு ஓடுவதையும் நடித்துக் காட்டினேன். மற்றப் பிள்ளைகள் என்றால் கதை முடிய முன்னர் தூங்கும். இவள் எழும்பியிருந்து, “ஏன் அப்பா புகை வெள்ளை?” என்று கேட்டாள். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

அவள் வேலைக்குச் சேர்ந்து பதினாலு மாதம். நான் ஒரு தடவைகூட அங்கே போயிருக்கவில்லை. முதல் அழைப்புக்குப் பல்வலி. இரண்டாவதற்கு நான் வேலை செய்யும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஆள் குறைவு. மூன்றாவதற்குக் காரணம் கிடைக்காமல், சாவகச்சேரியில் ஏற்கெனவே செத்துப்போன ஒரு பெரியப்பாவை இன்னொரு முறை சாகடித்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், சோற்றில் கையை வைத்தபடி நிதுஷா சொன்னாள்.

“வாற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை டொறிஸ் வெளியாலை வருது. நான்தான் ஓட்டுறன்.”

“டொறிஸ் ஆர்?” என்று கேட்டாள் என் மனைவி சறோ.

“என்ரை டாங்கி அம்மா. முப்பது வருசமா ஒரு மூலையிலை கிடந்தது. நானும் இன்னும் ரண்டு பேரும் சேர்ந்து எஞ்சினைப் பிரிச்சுத் திருப்பிப் பூட்டினனாங்கள். சனமெல்லாம் வரும்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீங்கள் வரவேணும் அப்பா. வந்து, சனம் நிக்கிற கயித்தடியிலை நிக்கவேணும். இந்த முறை ஆரும் சாகக்கூடாது.”

நான் மீன்குழம்பைப் பார்த்தேன்.

“உங்களுக்கு வெக்கமெண்டால் வெக்கமெண்டு சொல்லுங்கோ. நான் கம்பஸை விட்டது உங்களுக்குப் பிடிக்கேல்லை. தமிழ்ச் சனத்துக்குச் சொல்ல ஏலாமல் கிடக்கு. எனக்கு விளங்குது. ஆனால் இதுதான் கடைசி. இனி நான் கேக்கமாட்டன்.”

அவள் கேட்கமாட்டேன் என்றால் கேட்கமாட்டாள். அந்தக் குணம் எங்கள் ஐயா, என் தகப்பனிடமிருந்து கப்பல் ஏறாமலே வந்து சேர்ந்தது.

வெட்கம் இருந்தது, அது சரி. ஆனால் அவளை நினைத்து அல்ல.

2

எங்கள் ஊருக்குப் பல படைகள் வந்திருக்கின்றன. இது எந்தப் படை என்று சொன்னால் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு பக்கத்தால் கோபிப்பீர்கள், மிச்சப் பேர் மற்றப் பக்கத்தால். ஆகவே ஒரு படை என்று வையுங்கள். மாசி மாதம். வெங்காயம் கிண்டும் பருவம். எனக்குப் பதின்மூன்று வயது.

ஐயா என்னைத் தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார். செம்மண் தலைக்குள், காதுக்குள், நகத்துக்குள். கிண்டிய வெங்காயத்தைத் தாளோடு பிடியாகக் கட்டி வைத்துக்கொண்டிருந்தேன். றோட்டில் கண்ணிவெடி இருக்கும் என்று பயந்தோ என்னவோ, வந்தவர்கள் றோட்டை விட்டுத் தோட்டங்களுக்குள் இறங்கினார்கள். முதலில் சத்தம் வரவில்லை. நிலம்தான் வந்தது. உள்ளங்காலுக்குள் யாரோ உளுந்து அரைப்பதுபோல ஒரு நடுக்கம், அங்கிருந்து முழங்காலுக்கு, அங்கிருந்து பல்லுக்கு. பிறகு பனைவடலி விலகியது. பிறகு அது.

நான் காய்ந்த வாய்க்காலுக்குள் விழுந்து குப்புறப் படுத்தேன். முகத்தைத் திருப்பிப் பார்த்தால் மூன்று முழத் தூரத்தில் சங்கிலி போகிறது. ஒவ்வொரு இரும்புத் தட்டாக மேலேயிருந்து இறங்கி, மண்ணில் பதிந்து, பின்னால் எழும்பிப் போகிறது. அவசரமில்லை. அதற்கு என்னைத் தெரியாது. என்னைக் கொல்லவேண்டும் என்ற எண்ணம்கூட அதற்கு இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாதது.

என் காற்சட்டை நனைந்தது. சூடாக நனைந்தது. உயிர் போகும் நேரத்தில் மனிதனுக்குப் பெரிய எண்ணங்கள் வரும் என்கிறார்கள். எனக்கு வந்த எண்ணம்: மாலையில் இதை எப்படிக் காயப்போடுவது.

டாங்கி போன பிறகு ஊரே அழுதது. அதில் ஒரு பகிடி உண்டு. நாலு தோட்டத்து வெங்காயத்தையும் அது சட்னி அரைத்துவிட்டுப் போயிருந்தது. காற்று தெற்கேயிருந்து வீசியது. கண் எரியாதவர் எவருமில்லை. எவர் துக்கத்தில் அழுகிறார், எவர் வெங்காயத்தில் அழுகிறார் என்று பிரித்தறிய வழியில்லை. ஐயா மூக்கைச் சீறிக்கொண்டே நசிந்ததை எல்லாம் கடகத்தில் அள்ளினார். ஒரு மாதம் வெங்காயச் சம்பல் தின்றோம். நான் கிணற்றில் தண்ணி அள்ளித் தலையிலிருந்து கால்வரை ஊற்றிக்கொண்டேன். “ஏன்ரா உடுப்போடை குளிக்கிறாய்?” என்று அம்மா கேட்டதற்கு “செம்மண்” என்றேன்.

இதை நான் அந்த ஞாயிறு வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. சறோவிடமும் இல்லை. இங்கே வந்த புதிதில் குடிவரவு அலுவலகத்தில் என் வாழ்க்கையின் துன்பங்களை எல்லாம் வரிசைப்படுத்தச் சொன்னார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒரு பெண்பிள்ளை. இதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைச் சொன்னேன். நான்கு கவிதைத் தொகுப்பு போட்டிருக்கிறேன். நிலவு, கடல், பனி, அகதி, அத்தனையும் அதில் உண்டு. மூத்திரம் இல்லை.

பயம் போய்விட்டதா என்றால், எங்கள் தெருவுக்கு றோட் போடும் உருளை வந்தால் நான் இன்றைக்கும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறேன். சறோ என் சிறுநீரகத்தைச் சந்தேகிக்கிறாள். ஐம்பது வயது தாண்டிய ஆண்களுக்கு அது வசதியான சந்தேகம். இப்போது சொல்லுங்கள்: மகள் ஓட்டிவரும் டாங்கிக்கு முன்னால், அறுநூறு வெள்ளைக்காரர்களுக்கு நடுவில், நான் எப்படி நிற்பது?

3

நான் தப்பும் வழியை யோசித்துக்கொண்டிருந்தபோது சறோ தேசிக்காயை யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அளவெட்டி ஊர்க்காரி. அவளுடைய தகப்பன் லொறி வைத்திருந்தவர். புதிதாக ஒரு வாகனம் வீட்டுக்கு வந்தால் கோயில் வாசலில் நிறுத்தி, சில்லுக்கு ஒன்றாகத் தேசிக்காய், எலுமிச்சங்காய்தான், வைத்து, அதை நசித்துக்கொண்டுதான் முதல் ஓட்டம் ஓடவேண்டும். கண்ணூறு கழிந்துவிடும். இங்கே வந்த பிறகும் அவள் அதில் விட்டுக்கொடுத்ததில்லை. எங்கள் முதல் பழைய காருக்கு நாலு. நிதுஷாவின் தள்ளுவண்டிக்கு நாலு. அவளுடைய மூன்றுசில்லுச் சைக்கிளுக்கு மூன்று. சில்லு பூட்டிய பயணப்பெட்டி வாங்கியபோது நான் ஒளித்துக் கொண்டுவந்தேன்; கண்டுபிடித்துவிட்டாள்.

“பிள்ளை, டொறிஸுக்குச் சில்லு எத்தினை?” என்று தொலைபேசியில் கேட்டாள்.

நிதுஷா உற்சாகமாக எண்ணினாள். “ஒரு பக்கம் கீழை ஆறு. முன்னுக்குப் பல்லுச் சில்லு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு. மேலை சின்னன் நாலு. அப்ப ஒரு பக்கம் பன்னிரண்டு.”

“இருபத்திநாலு,” என்று சறோ கடைத்துண்டில் எழுதினாள்.

“இஞ்சேரும், நிலத்திலை முட்டுறது சங்கிலி மட்டும்தான்,” என்றேன். “ரண்டு காணும்.”

“உங்களுக்கு எல்லாத்திலையும் ரண்டு காணும். உள்ளுக்குச் சுத்துற சில்லுக்குக் கண்ணூறு படாதோ?”

இதற்குப் பதில் சாத்திரத்திலும் இல்லை, பொறியியலிலும் இல்லை. நாற்பது மைல் தள்ளியிருக்கும் கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன்.

“ஐயா, வாகனப் பூசை ஒண்டு செய்யவேணும்.”

“செய்யலாமே அம்மா. காரோ, வானோ?”

“டாங்கி.”

ஐயருக்குப் பின்னால் கோயில் மணி அடித்து ஓய்ந்தது. “சண்டை பிடிக்கிறதோ?”

“இப்ப இல்லை ஐயா. றிற்றயர் ஆகியிட்டுது.”

“சரி. சொந்தக்காரர் ஆர்? சங்கற்பத்துக்கு அவற்றை நட்சத்திரம் வேணும்.”

“அது… இந்த நாட்டுக்குச் சொந்தம் போலை கிடக்கு.”

“அம்மா, நாட்டுக்கு நட்சத்திரம் நான் எங்கை போய்ப் பாக்கிறது? பிள்ளையாரை நினைச்சு நீங்களே வைச்சு எடுங்கோ.”

சாமி பக்கம் இப்படிச் சுலபமாகத் தீர்ந்தது. வெள்ளைக்காரன் பக்கம் தீரவில்லை. மியூசியத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பாகக் கொலின் என்று ஒருவர். நிதுஷா அவரிடம் கேட்க, அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை, படிவம் அனுப்பினார். இந்த நாட்டில் இறந்தாலும் பிறந்தாலும் படிவம் என்பது எனக்குத் தெரியும். தேசிக்காய் நசிப்பதற்கும் ஒன்று இருக்கும் என்று நினைத்திருக்கவில்லை. ஆறு பக்கம். வைக்கப்படும் பொருள் என்ன? எத்தனை? அழுத்தும்போது எவ்வளவு தூரம் தெறிக்கும்? பார்வையாளரின் கண்ணில் பட்டால் என்ன ஏற்பாடு? நோக்கம்?

நோக்கம் என்ற கட்டத்துக்குள் சறோ தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதினாள். திருப்பித் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “கெட்ட கண்களை அகற்ற.” அதற்கு மேலே இருந்த கேள்விக்கும் இதே பதில் பொருந்தியது என்று கொலின் நினைத்தாரோ என்னவோ, திருத்தம் எதுவும் கேட்கவில்லை. தேங்காய் மறுக்கப்பட்டது, சிரட்டை பறக்குமாம். பீரங்கிக் குழலில் சந்தனப்பொட்டு மறுக்கப்பட்டது. பழைய வர்ணம் கெடுமாம். இருபத்திநாலு தேசிக்காய் இரண்டாகக் குறைக்கப்பட்டது. நான் சறோவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் கடைசிப் பக்கத்தை நான் வாசித்தேன். “கயிற்றைத் தாண்டி உள்ளே சென்று பொருளை வைப்பவர்: ஒருவர் மட்டும்.” அதன் கீழே சறோவின் வட்டமான எழுத்தில் என் பெயர்.

“என்னப்பா இது?” என்றேன்.

“தகப்பன்தானே வைக்கிறது. எங்கடை அப்பாவும் வைச்சவர்.” தேசிக்காய்களை உப்புத்தண்ணியில் கழுவிக்கொண்டிருந்தாள். “பிள்ளை சொல்லேக்கை அழுதிட்டாள் தெரியுமோ? ‘அப்பா உண்மையா வருவாரோ அம்மா’ எண்டு எத்தினை தரம் கேட்டாள் எண்டு உங்களுக்கு என்ன தெரியும்? மீன்குழம்பைப் பாத்துக்கொண்டிருக்கத்தான் தெரியும்.”

4

சனிக்கிழமை காலை முழு நீளக் கறுப்புக் களிசான் போட்டேன். காரணம் உங்களுக்குத் தெரியும்.

மியூசியத்து மண்டபத்தில் மெழுகு மணத்தது. வெளிச்சம் மிதமாக, ஆஸ்பத்திரி வெளிச்சம்போல. டாங்கிகள் வரிசையாக நின்றன. இளைப்பாறிய பிறகு வெள்ளையடித்த வீட்டுக்குள் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கும் பழைய பொலிஸ்காரர் மாதிரி, யாரையும் ஒருநாளும் அடித்திராத முகத்தோடு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பலகை. எடை இவ்வளவு, ஆட்கள் இத்தனை பேர், மணிக்கு இவ்வளவு வேகம். சின்னப் பிள்ளைகள் ஐஸ்கிறீம் ஒழுக ஒழுக ஓடின. கடையில் பஞ்சு அடைத்த டாங்கி விற்றார்கள், கட்டிப்பிடித்துத் தூங்கலாம். ஒரு குடும்பம் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பாண் தின்றது. எல்லாக் கயிற்றிலும் ஒரே எச்சரிக்கை: டாங்கியின் மேல் ஏறாதீர்கள். நல்ல வார்த்தை. அவை எங்கள் மேல் ஏறிய காலத்தில் இப்படி ஒரு பலகை கிடைக்கவில்லை.

மூன்றாவது வரிசையில் அது நின்றது. அதுவேயல்ல, அதன் சித்தப்பா மகன். அதே தட்டைத் தலை, அதே அகலமான சங்கிலி. பலகையை இரண்டு தரம் வாசித்தேன். எந்தெந்த நாட்டில் ஓடியது என்று ஒரு பட்டியல். எங்கள் தோட்டம் அதில் இல்லை. சங்கிலித் தட்டுகளுக்கு இடையில் குனிந்து பார்த்தேன். செம்மண் இல்லை. நன்றாகக் கழுவியிருந்தார்கள்.

“பேய் பிடிச்சவர் மாதிரி நிக்கிறியள்,” என்றாள் சறோ, கைப்பையைத் தேசிக்காயோடு நெஞ்சில் அணைத்தபடி. “வாங்கோ, நேரமாகுது.”

“ஒருக்கால் கழிப்பறைக்கு…”

“மூண்டாந்தரம். திங்கக்கிழமை டொக்டரிட்டைப் போறம்.”

நிதுஷா மைதானத்து ஓரத்தில் எங்களைத் தேடிக்கொண்டு நின்றாள். நீல மேலுடுப்பு, தலைமயிர் ஒரு துணிக்குள், கன்னத்தில் கறுப்பு. என்னைக் கண்டதும் அவளுடைய முகம் விரிந்த விதத்தைப் பார்த்து, அந்தப் பதினாலு மாதமும் ஒன்றன்மேல் ஒன்றாக என் தலையில் விழுந்தது.

“வந்திட்டீங்கள்!”

“வராமல்?” என்றேன். செத்துப்போன பெரியப்பா இருந்திருந்தால் காறித் துப்பியிருப்பார்.

“டொறிஸைக் காலமை குளிப்பாட்டி, சாப்பாடு குடுத்து வைச்சிருக்கிறன்,” என்றாள். அவளுடைய தமிழ் வீட்டுக்குள் மட்டும் வளர்ந்த தமிழ். இயந்திரம் கழுவ, எரிபொருள் ஊற்ற என்று அதில் வேறு சொற்கள் இல்லை. பிள்ளை வளர்க்கும் சொற்களை எடுத்துப் பாவிக்கிறாள். “காலமையிலையிருந்து கொஞ்சம் முரண்டு பிடிக்குது. ஆனால் ஓடும். நீங்கள் வைச்சிட்டுக் கயித்துக்கு இஞ்சாலை வந்து நில்லுங்கோ. நான் உங்களுக்கு நேரை வந்து திருப்புவன். அங்காலை இங்காலை போகாதையுங்கோ அப்பா. நான் பாப்பன்.”

5

டொறிஸ் மைதானத்து நடுவில் நின்றாள். பச்சை, எங்கள் ஊருக்கு வந்ததைவிட வயதில் மூத்தவள், உருவத்தில் சிறியவள். டாங்கியின் சுழல்கோபுரத்துக்குள்ளிருந்து மீசைக்காரத் தொண்டர் ஒருவர் இடுப்புக்கு மேலே தெரிந்தார். முன்பக்கத்து ஓட்டைக்குள்ளிருந்து நிதுஷாவின் தலை மட்டும், பிள்ளையார் கோயில் எலியைப்போல. ஒலிபெருக்கியில் ஒருவர், இன்று ஒரு சிறப்பு ஆசீர்வாதம் நடக்கும், பழச்சாறு தெறிக்கலாம், முன்வரிசையினர் கவனம் என்றார். சனம் கைதட்டியது. கொலின் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

எஞ்சின் ஓடவில்லை. அது எனக்குத் தெரியும். படிவத்தில் இருந்தது. இருந்தும் அறுபது அடி நடக்க எனக்கு ஒரு கோடைகாலம் எடுத்தது. சங்கிலிக்கு முன்னால் முழந்தாளிட்டு ஒரு தேசிக்காயை வைத்தேன். அது உருண்டது. பிடித்துத் திருப்பி வைத்தேன். திருப்பி உருண்டது.

“நடுவிலை அப்பா,” என்றது மேலேயிருந்து குரல். “வடிவா வையுங்கோ, அம்மா பாக்கிறா.”

இரண்டாவதையும் வைத்துவிட்டு, மேலே பார்க்காமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தேன். கயிற்றுக்கு இப்பால் சறோ கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்தேன்.

எஞ்சின் பிடித்தது. முதலில் நிலம் வந்தது, அதே உளுந்து, அதே முழங்கால், அதே பல்லு. புகை வந்தது. சங்கிலியின் முதல் தட்டு மெல்லக் குனிந்தது. இரண்டு தேசிக்காயும் நசிந்தன. அந்த இரைச்சலில் சத்தம் கேட்கவில்லை, மஞ்சளாக ஒரு வெடிப்பு மட்டும் தெரிந்தது. “அப்பாடா,” என்றாள் சறோ. அது என்னை நோக்கி வந்தது. நான் கண்ணை மூடவில்லை என்று எழுத ஆசை. மூடினேன். காலுக்கிடையில் எல்லாத் தசையையும் இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

நாலுக்கு முன்னர் பெரிய வெடிச் சத்தம் ஒன்று கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தால் டொறிஸ் பத்தடி வந்து நின்றிருந்தாள். வாலிலிருந்து கறுப்புப் புகை. நிதுஷா இரண்டாம் முறை முயன்றாள்; அது இருமியது, நின்றது. மூன்றாம் முறை இருமலும் இல்லை. அறுநூறு பேரும் இந்த நாட்டுக்கே உரிய நாகரிகத்தோடு பேசாமல் நின்றார்கள். எங்காவது ஒருவன் கூவியிருந்தாலும் பரவாயில்லை. பின்னால் ஒரு ஆள் தன் பெண்சாதியிடம், “சின்னப் பிள்ளையிடம் கொடுத்திருக்கக்கூடாது,” என்று மெதுவாகச் சொன்னார். ஆங்கிலத்தில்தான். எனக்கு அது போதுமான அளவு வரும்.

ஓட்டைக்குள்ளிருந்த தலை கீழே இறங்கி மறைந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அந்த ஆளில் இல்லை, டாங்கியில். இந்த இரும்பு மாடு, என் பிள்ளை பதினாலு மாதம் தன் நகத்தைக் கொடுத்து எழுப்பிவிட்டதற்கு, சனத்துக்கு முன்னால் அவளை வெட்கப்படுத்துகிறதே!

“எளிய சாதி!” என்று கத்தினேன். “ஓடன்! நிண்டு என்ன பாக்கிறாய்? ஓடு!”

சறோ என் சேட்டுக் கையைப் பிடித்தாள். “ஆரோடை கதைக்கிறியள்?”

நான் கயிற்றுக்குக் கீழால் குனிந்து போய்விட்டேன். பின்னால் கொலின், “சேர், சேர், இதற்குப் படிவம் இல்லை,” என்று ஓடிவந்தார். நடுவில் நின்று மூச்சு வாங்கி, என்ன நினைத்தாரோ, கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

கிட்டப் போனால் டாங்கி சூடாக இருந்தது. முன்தகட்டில் கையை வைத்துக் குனிந்து ஓட்டைக்குள் பார்த்தேன். நிதுஷா முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை.”

“போங்கோ அப்பா. எல்லாரும் பாக்கினம்.”

“பாக்கட்டும்.”

“நீங்கள் வந்த ஒரே ஒரு நாள்!” என்று தலையைத் தூக்கினாள். கண்ணீரும் கறுப்பும் சேர்ந்து மூக்குவரைக்கும் கோடு. “உங்களுக்குச் சந்தோசம்தானே? இப்ப போய்ச் சொல்லுங்கோ, கம்பஸிலை இருந்திருக்கலாமெண்டு.”

நான்கு தொகுப்பு போட்டவனுக்கு வந்தது இதுதான்.

“எனக்குப் பதின்மூண்டு வயசிலை இதைப்போலை ஒண்டு எங்கடை தோட்டத்துக்குள்ளை வந்தது. நான் வாய்க்காலுக்குள்ளை படுத்துக்கிடந்தனான். சங்கிலி இந்தா, இவ்வளவு கிட்ட. காற்சட்டையோடை மூத்திரம் போனனான்.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“அதுதான் நான் உன்னட்டை வராமல் இருந்தது. பல்லுமில்லை, பெரியப்பாவுமில்லை. கம்பஸும் இல்லை. பயம். இண்டைக்கும் மூண்டு தரம் கழிப்பறைக்குப் போட்டுத்தான் வந்து நிண்டனான். உனக்கென்ன? எஞ்சின்தானே நிண்டது.”

கோபுரத்து மீசைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் துக்க வீட்டுக்கு வந்தவர்போலத் தொப்பியைக் கழற்றினார்.

“இவ்வளவு நாளும் ஏனப்பா சொல்லேல்லை?”

“எப்பிடிச் சொல்லுறது? நீ சின்னப் பிள்ளை எண்டு நினைச்சன். பிறகு நீ டாங்கி ஓட்டுற ஆளாய்ப் போனாய்.”

அவள் சிரிக்கவில்லை. ஓட்டைக்குள்ளிருந்து கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். கிறீஸ், சூடு. பிறகு புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

“அம்மாவுக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

“நான் சொல்லமாட்டன்.” காதைச் சாய்த்து எஞ்சின் பக்கம் எதையோ கேட்டாள். மீசைக்காரரோடு ஆங்கிலத்தில் வேகமாகக் கதைத்தாள்; அவர் எதையோ மூடித் திறந்தார். அவளுடைய முகம் மாறிவிட்டது. இனி அது என் மகளின் முகம் இல்லை, மெக்கானிக்கின் முகம். “சாப்பாடு கூடிப்போய் விக்கியிட்டாள். திருப்பிப் போட்டுப் பாக்கிறன். அப்பா, நீங்கள் கயித்தடிக்குப் போங்கோ. போனபிறகுதான் நான் ஸ்ராட் எடுப்பன். பயப்பிடாதையுங்கோ.”

“நீ இப்பவே எடு.”

“அப்பா!”

“பிறேக்கைப் பிடிச்சுக்கொண்டு எடு. ஓட்டவேண்டாம். சத்தம் மட்டும் போடட்டும். நான் போறன்.”

ஒரு கணம் பார்த்தாள். தலை உள்ளே போனது.

நான் திரும்பினேன். ஆறு அடி வைத்திருப்பேன், பின்னால் அது இருமியது, குமுறியது, பிடித்தது. உள்ளங்காலுக்குள் நிலம் அரைந்தது. முதுகுமுழுதும் சூடு வந்து படிந்தது. சனம் கைதட்டி ஆர்ப்பரித்தது. கொலின் இரண்டு கையையும் ஆட்டி ஓடிவரச் சொன்னார். கயிற்றுக்கு அப்பால் சறோ எட்டிப் பாய்ந்துகொண்டு நின்றாள்.

“ஐயோ, ஓடி வாங்கோவனப்பா! பின்னாலை நிக்குதெல்லோ! ஓடுங்கோ!”

நான் நடந்தேன்.